பாதிப்பு இல்லை

ஒலிபெருக்கி வேனுக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பேராசிரியர் தில்லைநாயகம் அரை மணி நேரமாக உட்கார்ந்திருந்தார். எதிரே இன்னொரு நாற்காலியில் மைக் செட் அந்தோணி. பந்தல் பக்கத்திலிருந்து கல்லூரிப் பெண்களின் சிரிப்பு கேட்டது. யாராவது இந்தப் பக்கம் வந்துவிடுவார்களோ என்று அவர் கண் அடிக்கடி வேனின் ஓரத்துக்குப் போய் வந்தது.

"நாக்கை நீட்டுங்கண்ணே," என்றான் அந்தோணி.

நீட்டினார்.

"ரெண்டு கையையும் முன்னால வைங்க. ம். நடுக்கம் இல்ல. இன்னும் அஞ்சு நிமிசம் இருங்க, அப்புறம் மேடைக்குப் போகலாம்."

தில்லைநாயகத்துக்கு அறுபத்தொரு வயது. முப்பது வருடம் கல்லூரியில் தமிழ் நடத்தியவர். அதைவிடப் பெரிய பெயர் பட்டிமன்ற மேடையில் சம்பாதித்தது. போதை ஒழிப்பு இயக்கத்துக்காக மாவட்டம் முழுக்கப் பேருந்துகளின் முதுகில் அவர் படத்தைத்தான் ஒட்டியிருந்தார்கள். போன வருடம்வரை அந்தோணி அவரை "ஐயா" என்றுதான் கூப்பிடுவான். அவர் வருவதைப் பார்த்தால் பீடியைக் கீழே போடுவான். முதல் மாத்திரையை அவனிடம் கைநீட்டி வாங்கிய நாளிலிருந்து "அண்ணே" ஆகிவிட்டார். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பிரியம் கூடத்தான் செய்திருந்தது. அந்தப் பிரியத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மாத்திரைக்குப் பெயர் முத்து. பக்கவாதம் வந்து நினைவு தப்பியவர்களுக்காகக் கண்டுபிடித்தது. ஆறு மணி நேரத்துக்கு மனசுக்குள் வெளிச்சம் போட்டதுபோல் இருக்கும். படித்தது, கேட்டது எல்லாம் கூப்பிட்டவுடன் வந்து நிற்கும். சிலருக்கு அதுவே பக்கவாதத்தைக் கொண்டுவந்ததால் அரசாங்கம் தடைசெய்துவிட்டது. தடை வந்த பிறகுதான் வக்கீல்களும் பேச்சாளர்களும் அதைத் தேட ஆரம்பித்தார்கள்.

தில்லைநாயகத்தைத் தேட வைத்தது துறையூர் மேடை. ஆயிரம் தடவை சொன்ன பாட்டு ஒன்று பாதியில் காணாமல் போய்விட்டது. கூட்டம் முதலில் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. பாட்டை மறந்ததைக்கூட அவர் மறந்திருப்பார். சிரிப்பு நின்ற அந்தக் கணத்தை அவரால் மறக்க முடியவில்லை.

"அடுத்த வாரம் சென்னைல டி.வி. ஷூட்டிங் அந்தோணி," என்றார். "பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். நாலு மாத்திரையா குடுத்துடேன். நானே பாத்துப் போட்டுக்கறேன்."

"கைல குடுத்து அனுப்பறதில்லண்ணே. எதிர உக்கார வெச்சு, மூஞ்சியப் பாத்துத்தான் குடுப்பேன்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

அந்தோணி குரலைத் தாழ்த்தினான். "ரெண்டு வருசம் முன்னால ஒரு நாதஸ்வரக்காரருக்கு நாலா குடுத்து அனுப்புனேன். மூணாவது போட்டப்ப வீட்ல யாருமில்ல." அவர் மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பார்த்தான். "நான் நல்லவன்னு சொல்லிக்கல. அதுலேருந்து இப்படித்தான் குடுக்கறேன். அதுவுமில்லாம இப்ப வந்த சரக்கு சரியில்ல. ஒருத்தருக்கு வாய் கோணுச்சு. பெட்டியோட திருப்பிட்டேன். இன்னைக்கு நீங்க போட்டது பழைய சரக்கு."

"அப்ப மத்தவங்கல்லாம் எங்கதான் வாங்கறாங்க?"

"நாடிக்கடைல. போன்லயே கேட்டா கூரியர்ல வந்துடும். யார் மூஞ்சியும் பாக்க வேணாம்."

"நம்பலாமா அதை?"

அந்தோணி தன் மணிக்கட்டிலிருந்த காப்பைத் தட்டிக் காட்டினான். "இதை வெச்சுத்தான் நம்பறாங்க. காப்பீட்டுக்காரன் எல்லார் கையிலயும் மாட்டி விட்டிருக்கான்ல? மாத்திரை போட்டதும் போன்ல அந்தக் கடைப் பக்கத்துல ஒரு பொத்தானை அமுக்கணும். ஒரு மணி நேரம் உங்க நாடி, வேர்வை, மூச்சு எல்லாம் அங்க போகும். பேர் போகாது. உங்க உடம்பே சாட்சி சொல்லுது. காசு வாங்கிட்டு ஆகா ஓகோன்னு எழுதறதெல்லாம் அங்க நடக்காது. பத்தாயிரம் உடம்பு நல்லா இருந்துச்சுன்னா அந்த யாவாரிக்கு அஞ்சுக்கு நாலு புள்ளி ஒம்போது."

"அப்ப உன்னைவிட அது மேல்தானே?"

"இருக்கலாம்ணே," என்றான் அந்தோணி வருத்தமில்லாமல். "எனக்கு ஒரு நேரத்துல ஒரு மூஞ்சியத்தான் பாக்கத் தெரியும்."

அன்று மேடையில் பிரமாதமாகப் பேசினார். வீட்டுக்குத் திரும்பும் வழியில், அந்தோணி முன்னால் நாக்கை நீட்டியதே ஞாபகத்தில் இருந்தது. மறுநாளே நாடிக்கடைக்குள் நுழைந்தார்.

வலம்புரி என்ற பெயரில் ஒரு வியாபாரி. நாலு புள்ளி ஒன்பது. தொண்டை மிட்டாய் டப்பா ஒன்றில் ஐந்து மாத்திரைகள் வந்து சேர்ந்தன. கடைக்கு ஒரே நிபந்தனை: சாட்சியம் கொடுக்காதவருக்கு அடுத்த பொட்டலம் கிடையாது.

சிக்கல் காப்பில் இருந்தது. அது அளப்பதெல்லாம் குடும்ப மருத்துவருக்கும் பெங்களூரில் இருக்கும் மகனுக்கும் போகும். ஒருமுறை மாடிப்படி வேகமாக ஏறியதற்கே மகன் போன் செய்துவிட்டான். கழற்றி வைத்தாலும் பத்தாவது நிமிடம் போன் வரும். சூடான ஒரு கையில் அது இருந்தாக வேண்டும். யாருடைய கை என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

"சொர்ணம், இதைக் கொஞ்ச நேரம் போட்டுக்கோ. குளிக்கப் போறேன்."

அவர் மனைவி சொர்ணாம்பிகை தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாதுன்னாங்களே?"

"வெந்நீர் ஆகாதாம்."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வலது கையை நீட்டினாள். இடது கையில் அவளுடைய காப்பு இருந்தது.

குளியலறைக் கதவைத் தாழிட்டு, மாத்திரையைப் போட்டுப் பொத்தானை அமுக்கினார். பத்து நிமிடத்தில் இடது கன்னம் மரத்தது. நாக்கு ஈரத்துணிபோல் வாய்க்குள் கிடந்தது. பயந்துபோய்க் கண்ணாடியைப் பார்த்துத் தன் பெயரைச் சொல்லிப் பார்த்தார். "இய்யை" என்று ஏதோ வந்தது. குழாயைத் திறந்துவிட்டு, வாளியின்மேல் கை ஊன்றி உட்கார்ந்தார். கதவைத் தட்டி மனைவியைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் சொல்ல வேண்டும். நாற்பது நிமிடம் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நாக்கு திரும்பி வந்தது.

வெளியே வந்தபோது போனில் எழுத்து நின்றது: "உங்கள் சாட்சியத்துக்கு நன்றி. நாடி 68. பாதிப்பு இல்லை."

"இவ்வளவு நேரமா ஒரு குளியல்," என்று சொர்ணம் காப்பைக் கழற்றிக் கொடுத்தாள்.

இனித் தொடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தார். மீதி நாலையும் எறிய மட்டும் மனம் வரவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

சென்னைக்குப் போக டி.வி.காரர்கள் ஓட்டுநர் இல்லாத கார் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். உடன் வந்தவள் பூங்கோதை. முப்பத்தெட்டு வயது; லால்குடியில் பள்ளி ஆசிரியை. எதிரணியில் பேசுகிறவள். அவள் வாய் திறந்தால் கூட்டம் சாப்பாட்டை மறந்து உட்காரும். வாரம் ஐந்து நாள் பள்ளி, மூன்று ராத்திரி மேடை என்று அலைந்து கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

பெரம்பலூர் தாண்டியதும் கேட்டாள். "ஐயா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"இந்த முத்து முத்துன்னு பேசிக்கறாங்களே... நாடிக்கடைல வலம்புரின்னு ஒருத்தர், நாலு புள்ளி ஒம்போதாம். பத்தாயிரம் பேருக்கு ஒண்ணும் ஆகலையாம். அதெல்லாம் நம்பலாமாய்யா?"

தில்லைநாயகம் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். கேட்கிறாளா, ஆழம் பார்க்கிறாளா? அவர் வாய் தானாகவே திறந்தது. திறந்த வாயிலிருந்து மேடைக் குரல் வந்தது.

"பூங்கோதை! குறுக்கு வழியில வந்த சொல்லு சபையில நிக்காது. உன் படிப்பு பேசணும், மாத்திரை பேசக் கூடாது. புள்ளைங்களுக்குப் பாடம் சொல்ற வாயா இது? இந்தக் கேள்வியை இன்னொரு தடவை என் காதுல விழ விடாதே."

அவள் முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்குங்கய்யா. கேள்விப்பட்டேன், அதான்..."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தில்லைநாயகத்துக்குச் சொல்ல வேண்டிய வாக்கியம் தெரிந்திருந்தது. 'நானும் வாங்கினேன், என் நாக்கு மரத்துப்போச்சு, நீ வாங்காதே.' அவ்வளவுதான். விழுப்புரம்வரை அதை மனசுக்குள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார். 'எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு' என்று ஆரம்பிக்கலாமா என்றும் யோசித்தார். 'யாருக்குய்யா?' என்று கேட்டால்? அதற்குள் அவள் தூங்கிவிட்டாள். ஷூட்டிங்கில் மாத்திரை போடாமலே பேசினார்; இரண்டு இடத்தில் மறந்தது, மறுபடி எடுத்துக்கொண்டார்கள். திரும்பும்போது அவள் வேறு காரில் போனாள்.

ஒன்பதாம் நாள் அவள் கணவன் இளம்பரிதி போன் செய்தான்.

மருத்துவமனை நடைபாதையில் இளம்பரிதி சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளன்.

"உசுருக்கு ஒண்ணும் இல்ல சார். வலது கை வரல. பேச்சு வரல. மாசக்கணக்காகும், வராமயும் போகலாம்னு சொல்றாங்க. ரத்தத்துல முத்து இருக்காம் சார். எங்க வாங்குனா, யார் குடுத்தாங்க, ஒண்ணும் தெரியல."

அவன் இடது மணிக்கட்டில் இரண்டு காப்புகள் இருந்ததைத் தில்லைநாயகம் அப்போதுதான் பார்த்தார்.

"இது யாரோடது?"

"அவளோடது. காலைல ஒரு விழாவுக்குக் கிளம்பிட்டு இருந்தா. முகத்துக்குப் பவுடர் போடறப்ப உள்ள போயிடும், கொஞ்ச நேரம் நீங்க போட்டுக்குங்கன்னு மாட்டி விட்டா. நான் பேப்பர் படிச்சுட்டு இருந்தேன் சார். அவ அடுத்த ரூம்ல கீழ விழுந்து கிடந்திருக்கா. சத்தமே கேக்கல."

தில்லைநாயகம் கழிப்பறைக்குள் போய்ப் போனை எடுத்தார். வலம்புரியின் பக்கத்தில் அன்று காலைச் சாட்சியம் ஒன்று புதிதாக ஏறியிருந்தது. "காலை 9.20. நாடி 72. பாதிப்பு இல்லை." அதற்குக் கீழே 70. அதற்குக் கீழே 66. விரலால் தள்ளத் தள்ள எல்லாம் அமைதியான நாடிகள். தடைசெய்த மாத்திரையை வாயில் போட்ட மனுசனுக்கு, மருந்து ஒன்றும் செய்யாவிட்டாலும் பயத்திலாவது நெஞ்சு அடித்துக்கொள்ளாதா? தொண்ணூறு, நூறு என்று ஒன்றையும் காணோம். இவையெல்லாம் பேப்பர் படித்தவர்களின் கை. கீரை உருவியவர்களின் கை. வெட்கப்பட்ட ஒவ்வொருவரும் காப்பைக் கழற்றி வீட்டில் இருக்கும் ஒன்றும் தெரியாத ஒருவருக்கு மாட்டி விட்டிருக்கிறார்கள். பத்தாயிரம் பேர் சாட்சி சொன்ன மாத்திரையைப் பற்றி ஓர் உடம்புகூட இன்னும் வாய் திறக்கவில்லை.

எச்சரிக்கையாவது எழுதலாம் என்று இடம் தேடினார். ஒரு வரிதான் இருந்தது: "இங்கே சொற்கள் ஏற்கப்படுவதில்லை. உங்கள் உடல் பேசட்டும்."

அங்கிருந்து நேராக அந்தோணியின் கிடங்குக்குப் போனார். ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். காரில் நடந்ததைத் தவிர.

"நாக்கு மரத்துச்சா? என்னைக்கு?"

"ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கும்."

"ரெண்டு வாரம்!" அந்தோணி கையிலிருந்த ஒயரைக் கீழே போட்டான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே என்கிட்ட வாங்கற நாப்பது பேருக்கும் சொல்லியிருப்பேனேண்ணே."

அப்போதே போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தான். முதல் ஆள் ஒரு மெல்லிசைக் குழுப் பாடகர். வலம்புரிகிட்ட வாங்காதீங்க என்றதும், யாருக்கு என்ன ஆச்சு என்று அவர் கேட்டது தில்லைநாயகத்துக்கும் கேட்டது. அந்தோணி போனை மூடிப்பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தான். "பேர் சொல்லாம சொன்னா நம்ப மாட்டாங்கண்ணே. என்ன சொல்லட்டும்?"

தில்லைநாயகம் கீழே கிடந்த ஒயரைப் பார்த்தார். பஸ்களின் முதுகில் இருந்த தன் முகம் ஞாபகம் வந்தது.

அந்தோணி சற்று நேரம் காத்திருந்தான். பிறகு போனைக் காதில் வைத்தான். "எனக்குத்தாங்க. நானே ஒண்ணு வாங்கிப் போட்டுப் பாத்தேன். நாக்கு செத்துப்போச்சு. ஆமாங்க, எனக்குத்தான்."

நாற்பது பேருக்கும் அப்படியே சொன்னான். தில்லைநாயகம் ஒரு ஸ்பீக்கர் பெட்டியின்மேல் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். சொர்ணம் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் தன் வலது மணிக்கட்டை இடது கையால் மூடிக்கொண்டாள்.

"நீங்க உள்ள செத்துக்கிட்டு இருக்கறப்ப என் கையை வெச்சு நல்லா இருக்கேன்னு சொல்லியிருக்கீங்க."

"சொர்ணம்..."

"கதவைத் தட்டியிருந்தா நான் என்ன, தெருவுல போய்ச் சொல்லவா போறேன்? நாப்பது வருசமா நான் பாக்காத எந்த அசிங்கம் உங்ககிட்ட இருக்கு?" குரல் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லுங்க. அந்தோணி சொன்னான், நான் சொன்னேன்னு இல்ல. நீங்க சொல்லுங்க."

போக ஒரு வாரம் ஆனது. ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. அந்த வாரத்தில் அவருக்குச் சிறு ஆறுதல் ஒன்றும் கிடைத்திருந்தது: அவளை ஏமாற்றியது பத்தாயிரம் பேர், அவர் அதில் ஒருவர். பாரத்தைப் பத்தாயிரத்தால் வகுத்துப் பார்த்தால் தூக்கிக்கொண்டு நடக்கும் அளவுக்குத்தான் இருந்தது.

பூங்கோதையைத் தலையணை வைத்து உட்காரவைத்திருந்தார்கள். வாயின் ஒரு ஓரம் இறங்கியிருந்தது. அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்ப்பதுபோல் தோளை அசைத்தாள். இளம்பரிதி டீ வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போனான்.

தில்லைநாயகம் தயார் செய்து வந்த முதல் வாக்கியத்தைத் தேடினார். அதற்குள் அவள் இடது கையால் மடியிலிருந்த நோட்டைக் காட்டினாள். எடுத்துப் பிடித்துக்கொண்டார். பென்சிலை முறுக்கிப் பிடித்து, எழுத்து எழுத்தாக எழுதினாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்துபோல் கோணிக்கொண்டு போனது.

'கார்ல கண்ணாடி எடுக்கச் சொன்னீங்க. உங்க பையில பாத்தேன்.'

அவருக்கு முதலில் புரியவில்லை. பெரம்பலூருக்கு முன்னால் ஏதோ படிக்க வேண்டி, பின்சீட்டுப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடி எடுத்துத் தரச் சொன்னது நினைவு வந்தது. கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில்தான் அந்தத் தொண்டை மிட்டாய் டப்பா இருந்திருக்க வேண்டும். வலம்புரியின் அடையாளமாக மூடியில் சின்னதாக ஒரு சங்கு வரைந்திருக்கும்.

அவள் மறுபடி பென்சிலை ஊன்றினாள். நெற்றியில் வேர்த்தது.

'நீங்க நல்லா இருந்தீங்க. அதான்.'

அவர் அந்த வரியை மறுபடி படித்தார். நாலு புள்ளி ஒன்பதை அவள் நம்பவே இல்லை. பத்தாயிரம் நாடிகளில் ஒன்றையும் நம்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்த ஒரே ஓர் உடம்பைத்தான் பார்த்திருக்கிறாள். தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறாள், அவராகவே ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டதும் பூங்கோதை அவசரமாக நோட்டுக்குக் கை நீட்டினாள். எழுதிய தாளை இடது கையாலேயே கசக்கிக் கிழித்துத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். பிறகு அவரைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். 'நான் சொல்ல மாட்டேன்' என்று அதற்கு அர்த்தம்.

இளம்பரிதி ஒரு தம்ளர் டீயை அவரிடம் நீட்டினான். "நீங்க அன்னைக்கே திட்டுனீங்களாமே சார். வீட்டுக்கு வந்து சொன்னா. பெரியவங்க சொன்னதைக் கேட்டிருந்தா இவ இப்படிக் கிடப்பாளா?"

தில்லைநாயகம் டீயைக் கீழே வைத்தார். பூங்கோதையின் கண்கள் வேண்டாம் என்றன. அவருக்கு வியர்த்தது, நெஞ்சு காதுக்குள் அடித்தது. கையிலிருந்த காப்பு சின்னதாக அதிர்ந்து எச்சரித்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பெங்களூரிலிருந்து மகன் கூப்பிடுவான். கூப்பிடட்டும்.

"உக்காருங்க இளம்பரிதி," என்றார். "நான் அன்னைக்கு இவங்களைத் திட்டினேன். அப்ப அந்த மாத்திரை என் பையிலதான் இருந்துச்சு."